தொட்டிக்கு அடியில் சொட்டும் ஜலம்

ஜவ்வாது மலைக்குப் போகிறவர்களில் சிலர் அருவியில் குளிக்கப் போகிறார்கள்; சிலர் காவலூர் வானாராய்ச்சி நிலையத்தைப் பார்க்கப் போகிறார்கள்; வேறு சிலர் சாமையும் தேனும் பலாவும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். நாம் போன காரியமோ விசித்திரமானது. செடித் தட்டுகளுக்கு அடியில் சொட்டும் ஜலத்தைப் பார்க்கப் போனோம். நேயர்கள் நகைக்கலாம், நமது வீட்டாரே நகைத்தார்கள்.

ஆனால் அவர்கள் நகைத்திருக்கக் கூடாது. ஏனெனில் விவகாரம் நமது வீட்டு மாடியில்தான் ஆரம்பமாயிற்று. சென்ற வருஷம் தென்னை நார்த்தூளில் பத்துத் தக்காளிச் செடிகள் வைத்தோம். செங்கல்லைப் போல் அழுத்திய கட்டியாக வாங்கி, ஜலத்தில் ஊறவைத்து, அது பொங்கிப் பெருகுவதைக் குழந்தைகளோடு சேர்ந்து வேடிக்கை பார்த்தோம். முதல் மூன்று வாரம் செடிகள் செழித்தன. பிறகு இலைகளின் ஓரம் கருகிற்று. செடிக்குப் பசி என்று எண்ணி உரக் கரைசலை இன்னும் சற்றுக் கெட்டியாக ஊற்றினோம். கருகல் அதிகமாயிற்று. இன்னும் ஊற்றினோம். தப்பிப் பிழைத்துக் காய்த்த நாலு காய்களும் அடிப்பக்கம் கறுத்துப் போயின.

விவசாயக் கல்லூரியில் படித்த சிநேகிதர் ஒருவர் வந்தார். பேனாவைப் போன்ற ஒரு சின்னக் கருவியை நாம் ஊற்றும் கரைசலில் நனைத்தார், 2.4 என்று காட்டிற்று. தொட்டியின் அடித் துவாரத்தில் வடிந்த ஜலத்தில் நனைத்தார், 5.1! "ஐயா, இந்தச் செடி பசியால் சாகவில்லை. சமுத்திரக் கரையில் நிற்கிறவன் தாகத்தால் சாவதைப் போலச் செத்துக்கொண்டிருக்கிறது" என்றார்.

அந்தக் கருவி அளப்பது ஜலம் மின்சாரத்தைக் கடத்தும் திறனை. சுத்தமான மழை ஜலம் மின்சாரத்தை அநேகமாகக் கடத்தாது. உப்புக் கரையக் கரையக் கடத்தும். அளவின் பெயர் டெசிசைமன்ஸ். ஒரு டெசிசைமன்ஸ் என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 640 மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று உத்தேசமாகக் கொள்ளலாம். உப்பென்றால் சமையல் உப்பு மட்டுமல்ல. நாம் போடும் உரங்களும் ஜலத்தில் கரைந்தபின் உப்புக்களே. வெளியே உப்பு மிகுந்தால் வேரினால் ஜலத்தை உறிஞ்ச முடியாது. ஈரத்தின் நடுவிலேயே செடி வாடும்.

நார்த்தூளின் சுபாவத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரித்தால், நாரைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு எடை தூள் மிஞ்சுகிறது. ஒரு காலத்தில் பொள்ளாச்சிப் பக்கத்தில் இது சாலையோரம் மலைமலையாகக் கிடந்தது. தீ வைத்தால் நாள்கணக்கில் புகைந்தது. இன்றோ கப்பலேறி ஹாலந்துக்கும் மற்றத் தேசங்களுக்கும் போகிறது. நாம் குப்பை என்று ஒதுக்கியதை அயலார் விலை கொடுத்து வாங்கிய பிறகுதான் நாமும் அதைத் திரும்பிப் பார்த்தோம். நமது தேசத்துப் பொருள்கள் பலவற்றின் சரித்திரம் இப்படித்தான் இருக்கிறது.

இந்தத் தூள் தன் எடையைப்போல் பல மடங்கு ஜலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றுக்கும் இடம் விடும். ஆனால் அது வெறும் பஞ்சு அல்ல. அதன் ஒவ்வொரு துகளிலும் உப்புத் துணுக்குகள் உட்காரும் ஆசனங்கள் இருக்கின்றன. தென்னை சமுத்திரக் கரை மரமல்லவா? அதன் மட்டையிலிருந்து வரும் தூளில் இந்த ஆசனங்களைப் பெரும்பாலும் பொட்டாசியமும் சோடியமும் முன்னாலேயே பிடித்துக்கொண்டிருக்கின்றன. நாம் ஊற்றும் உரத்திலுள்ள கால்சியமும் மக்னீசியமும் கூட்டமான ரயில் வண்டியில் ஏறும் பிரயாணிகளைப்போல் முண்டியடித்து உள்ளே நுழைந்து, சோடியத்தையும் பொட்டாசியத்தையும் எழுப்பி விட்டுத் தாம் உட்கார்ந்துகொள்கின்றன. இதில் இரண்டு கஷ்டங்கள். உட்கார்ந்த கால்சியம் செடிக்குக் கிடைப்பதில்லை. எழுப்பப்பட்ட சோடியம் வேரைச் சுற்றிக் கொண்டு நிற்கிறது. நமது தக்காளியின் அடி கறுத்ததற்குக் கால்சியக் குறைவே காரணம்.

ஆகையால் தூளை முதலில் நல்ல ஜலத்தில் அலசவேண்டும். பிறகு சுமார் இரண்டு டெசிசைமன்ஸ் உள்ள கால்சியம் நைட்ரேட்டுக் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து வடித்துவிட வேண்டும். ஆசனங்களையெல்லாம் கால்சியத்துக்கு முன்பதிவு செய்துவிடுகிறோம் என்று வைத்துக்கொள்ளலாம். வெறும் ஜலத்தில் எத்தனை முறை அலசினாலும் மேலே மிதக்கும் உப்புத்தான் போகுமேயன்றி, உட்கார்ந்திருக்கும் சோடியம் எளிதில் எழுந்திருக்காது. கடையில் 'கழுவியது' என்று விற்கும் கட்டிகளை இது விஷயத்தில் நாம் நம்பிக் கெட்டோம்.

சிநேகிதர்தான் நம்மை ஜவ்வாது மலைக்கு அனுப்பினார். ஜமுனாமரத்தூருக்கு அப்பால், சாமைக் காட்டை ஒட்டி, நிழல்வலைக் கொட்டகை ஒன்று போட்டுக் குழித்தட்டுகளில் மிளகாய், தக்காளி நாற்று வளர்க்கும் பெரியவர் ஒருவரைப் பார்க்கச் சொன்னார். தட்டுக்கு 98 குழிகள். குழிக்கு ஒரு பிடி நார்த்தூள் கூட இல்லை. இருபத்தைந்து நாளில் நாற்று கீழே சமவெளிக்குப் போகிறது.

பெரியவர் கொட்டகையில் நுழைந்ததும் செடியைப் பார்க்கவில்லை. தட்டுக்கு அடியில் வைத்திருந்த அலுமினியக் கிண்ணத்தைப் பார்த்தார். மருமகள் அதில் கருவியை நனைத்துவிட்டு, "மாமா, ஊத்தினது பூஜ்யம் எட்டு, வந்தது ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே நோட்டுப் புத்தகத்தில் எழுதினாள். அவ்வளவுதான் அங்கே நடக்கும் விஞ்ஞானம்.

முறை இப்படி. ஊற்றுவதில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரை அடியில் வடிய வேண்டும். ஒன்றுமே வடியாமல் சிக்கனமாக ஊற்றினால், செடி ஜலத்தைக் குடித்துவிட்டு உப்பை விட்டுவிடும்; அது நாளுக்கு நாள் சேரும். வடிவது ஊற்றுவதைவிடச் சற்று அதிகமாகக் காட்டினால் பாதகமில்லை. மிகவும் ஏறினால் கரைசலைப் பாதியாக நீர்க்கச் செய்து, வடிவது இறங்கும் வரை ஊற்ற வேண்டும். வடிவது ஊற்றுவதைவிடக் குறைந்தால் செடி நிஜமாகவே பசியாயிருக்கிறது என்று அர்த்தம். நார்த்தூளை ஒருபோதும் காயவிடக் கூடாது. ஈரம் பாதியாகக் குறைந்தால் அதிலுள்ள உப்பின் கடுமை இரட்டிப்பாகிறது. ஆகவே ஒரே வேளை நிறைய ஊற்றுவதை விடப் பல வேளை கொஞ்சமாக ஊற்றுவதே உத்தமம். நாற்றுக்கு ஒரு டெசிசைமன்ஸுக்குள் போதும். காய்க்கும் தக்காளி இரண்டு, இரண்டரை தாங்கும். கிணற்று ஜலமே ஒன்றரை காட்டும் ஊர்களில் உரத்துக்கு அதிக இடமில்லை. அங்கே மழை ஜலத்தைச் சேமித்துக் கலப்பது தவிர வேறு வழியில்லை.

இவ்வளவும் செடியைப் பற்றிய சமாசாரம். பெரியவர் நம்மைத் திருப்பிக் கேட்டார்: "செடி பொழைச்சிடும், ஐயா. வடிஞ்ச தண்ணி எங்கே போகும்?"

நாம் மாடியிலிருந்து சாக்கடைக்கு விட்டோம் என்று சொல்ல வெட்கமாயிருந்தது. அவர் கேட்டது சும்மா அல்ல. சேயாறு இந்த மலையில் பிறந்து பாலாற்றில் கலக்கிறது. மலையில் மண் ஆழமில்லை; சரிவு அதிகம். மேலே ஊற்றியது கீழே ஓடையில் தெரியும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் தக்காளிச் செடிகள். செடிக்கு நாளொன்றுக்கு 2 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வடிகிறது. வடிவது 400 லிட்டர். அது இரண்டு டெசிசைமன்ஸ் என்றால் தினம் அரைக் கிலோ உப்பு. நான்கு மாதத்தில் 60 கிலோ. உரக் கரைசலில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் தழைச்சத்து நைட்ரேட்டாக இருந்தால், நைட்ரேட்டின் எடை 660 மில்லிகிராமுக்கு மேல். நமது தேசத்தில் குடிநீருக்கு வகுத்த எல்லை 45. அதாவது தொட்டிக்கு அடியில் சொட்டுவது குடிக்கத் தகுந்ததைவிடப் பதினான்கு மடங்கு கடுமையானது. கைக்குழந்தைகளுக்கு நைட்ரேட்டு செய்யும் கெடுதலை வைத்தியர்கள் அறிவார்கள்.

உப்பு நிலத்தை என்ன செய்யும் என்பதற்கு ஜவ்வாது மலைக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மலைக்குக் கீழே பாலாற்றுப் பள்ளத்தாக்கில் ஆம்பூரும் வாணியம்பாடியும் இருக்கின்றன. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு ஜலம் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1996 ஆகஸ்டில் வந்த தீர்ப்பில், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்ற ஆய்வு எடுத்துக்காட்டப்பட்டிருக்கிறது. கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இத்தேசத்துச் சட்டத்தில் உறுதிப்பட்டதும் அத்தீர்ப்பிலேதான். ஒரு நாற்றுக் கொட்டகையைத் தோல் தொழிற்சாலையோடு ஒப்பிடுவது அதிகப்படிதான். ஆனால் சோடியத்துக்குத் தான் எங்கிருந்து வந்தோம் என்ற நினைவு கிடையாது.

நார்த்தூளை அலசும் ஜலமும் இப்படித்தான். 2021-ல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தென்னை நார்த் தொழிலை 'வெள்ளை' வகுப்பிலிருந்து 'ஆரஞ்சு' வகுப்புக்கு மாற்றியபோது தொழில் நடத்துவோர் ஆட்சேபித்தார்கள். அவர்கள் கஷ்டமும் உண்மையே. ஆனால் ஹாலந்துக்குச் சுத்தமான தூளை அனுப்பிவிட்டு, அதிலிருந்த உப்பை நமது கிணற்றில் வைத்துக்கொள்வது என்ன வியாபாரம் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்த ஹாலந்தில் கண்ணாடிக் கொட்டகைக்காரர்கள் வடியும் ஜலத்தைப் பிடித்து, கிருமி நீக்கி, மறுபடியும் அதே செடிக்குக் கொடுக்கிறார்கள். 2027-க்குள் உரச்சத்து வெளி ஓடைகளில் கலப்பது அநேகமாக இல்லாமற் போக வேண்டும் என்பது அங்கே இலட்சியம்.

ஜவ்வாது மலைப் பெரியவரிடம் கிருமி நீக்கும் யந்திரம் இல்லை. தட்டுகளுக்குக் கீழே தார்ப்பாயைச் சாய்வாகக் கட்டியிருக்கிறார். வடிவதெல்லாம் ஒரு பீப்பாயில் சேர்கிறது. அதைச் சம அளவு மழை ஜலத்தோடு கலந்து, தரையில் வேர் விட்ட வாழைக்கும் மாட்டுத் தீவனப் புல்லுக்கும் முறை வைத்து ஊற்றுகிறார். மழைக்காலத்தில் புல் குடித்தது போதும் என்று தோன்றினால் உரத்தையே குறைத்துவிடுகிறார்.

நாம் கிளம்பும்போது மருமகள் இரண்டு குடங்களில் பீப்பாய் ஜலத்தை மொண்டு கொண்டிருந்தாள். கிணற்றடி வழியாகப் போகாமல், சற்றுச் சுற்றி, வாழைத் தோட்டத்துக்குப் போனாள்.