இறக்கத்தில், வளைவு வருமுன்

ஊட்டிக்கும் மசினகுடிக்கும் நடுவே கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. விபத்துகள் தொடர்ந்ததால், வெளியூர் வண்டிகள் அந்த வழியே இறங்கக் கூடாது என்று நீலகிரி மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. ஏறுவதற்குத் தடையில்லை. சாலையும் வளைவுகளும் ஒன்றுதான், மாறுவது திசை மட்டும். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை விட்டால் போதும், வேகம் தானாகக் குறையும். கணக்குத் தப்பினாலும் திருத்திக்கொள்ள நேரமிருக்கும். இறக்கத்தில் அந்த நேரம் கிடைப்பதில்லை. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் தாழும் சரிவில் நியூட்ரலில் ஓடும் வண்டிக்கு, ஐந்து விநாடியில் மணிக்கு ஏறக்குறைய 15 கி.மீ. வேகம் கூடிவிடும். அதனால்தான், மலை இறங்கும்போது பைக்கை வளைவில் ஒழுங்காகத் திருப்புவது என்பது பெரும்பாலும் வளைவுக்கு முன்பே முடிந்துவிட வேண்டிய வேலை என்கிறேன். வண்டியை எவ்வளவு சாய்க்கத் தெரியும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒரு சிறு கணக்கு போட்டால் இது விளங்கும். பத்து மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில் 20 கி.மீ. வேகத்தில் திரும்ப, வண்டி சுமார் 17 டிகிரி சாய்ந்தால் போதும். அதே வளைவில் 30 கி.மீ. வேகத்துக்கு 35 டிகிரி தேவை. கூடிய வேகம் பத்தே கிலோமீட்டர்தான், சாய்வோ இரண்டு மடங்காகிவிட்டது. பல சாதாரண பைக்குகளில் கால் வைக்கும் கம்பி தரையை உரசும் நிலையை நெருங்குவது அங்கேதான். காய்ந்த நல்ல தாரில் டயர் இதைத் தாங்கலாம். ஓரத்தில் சரளை சிதறியோ, மரநிழலில் சருகு நனைந்தோ கிடந்தால் தாங்காது. அந்த நேரத்தில் பயந்துபோய் பிரேக்கை அழுத்தினால் நிலைமை இன்னும் மோசமாகும். டயரின் பிடிமானத்துக்கு ஓர் அளவுண்டு. திரும்புவதற்கே அதில் பெரும்பகுதி செலவாகிக்கொண்டிருக்கும்போது பிரேக்குக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

ஆகவே வண்டி நிமிர்ந்து நேராக ஓடும்போதே வேகத்தைக் குறைத்து, இரண்டாவது கியருக்கு வந்து, கிளட்சை முழுதாக விட்டுவிட வேண்டும். வளைவு மிக இறுக்கமாக இருந்தால் முதல் கியர். திரும்பும்போது விரல்கள் கிளட்சை விட்டு விலகியிருக்கட்டும், ஏனென்றால் கிளட்சைப் பிடித்த கணமே இன்ஜினின் பிடி போய்விடுகிறது, வண்டி மறுபடி சரிவின் இழுப்புக்குப் போகிறது. வேகத்தைக் குறைக்க முன் பிரேக்கைப் பிடிக்கச் சொன்னால் பலர் சொல்லும் ஆட்சேபம் ஒன்றுண்டு: முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுந்துவிடுவோம், பின் பிரேக்கே பத்திரம். இந்தப் பயம் காரணமில்லாதது அல்ல. ஹேண்டிலைத் திருப்பியபடியோ சரளை மேலோ முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தவர்கள் விழத்தான் செய்கிறார்கள். ஆனால் இறக்கத்தில் எடை முன் சக்கரத்தில் ஏறுகிறது, பிரேக் பிடித்தால் இன்னும் ஏறுகிறது. பின் சக்கரம் லேசாகிவிடுவதால், அதை மட்டும் நம்பி மிதித்தால் அது பூட்டிக்கொண்டு வழுக்கும். நேராகப் போகும்போது முன் லீவரை ஈரத்துணி பிழிவதுபோல் படிப்படியாக இறுக்கி, பின் பிரேக்கைத் துணைக்கு வைத்துக்கொள்வதே சரி. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம் என்பது உண்மைதான். ஆனால் சாதாரண ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்குமே தவிர, சாய்ந்த வண்டிக்கு இல்லாத பிடிமானத்தைக் கொண்டுவந்து தராது.

பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்களின் கணக்கும் தப்பு. பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்த 2020க்குப் பிறகு விற்கும் பைக்குகள் அநேகமாக எல்லாமே இன்ஜெக்ஷன் வண்டிகள். கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை மூடினால் அவற்றில் எரிபொருள் நின்றுவிடும்; சரிவுதான் இன்ஜினைச் சுழற்றுகிறது. நியூட்ரலிலோ, இன்ஜின் அணையாமலிருக்கப் பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கிறது. கூடவே, வேகத்தைத் தாங்கும் முழுச் சுமையும் பிரேக்குக்குப் போய்விடுகிறது. தொடர்ந்து தேய்த்தால் அது சூடேறி, அடிவாரம் வருவதற்குள் பிடி தளர்ந்துவிடும். ஸ்கூட்டர்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்கு இறக்கிப் போட கியர் கிடையாது, வேகம் குறைந்தால் கிளட்ச் தானே விலகி இன்ஜினின் பிடியும் போய்விடும். வழியில் நிறுத்தி பிரேக்கை ஆறவிடுவதைத் தவிர அவர்களுக்கு நல்ல வழி இல்லை.

பந்தய வீரர்கள் வளைவுக்குள்ளும் பிரேக் பிடிக்கிறார்களே என்று கேட்கலாம். பிடிக்கிறார்கள், அது உண்மையான வித்தைதான். ஆனால் அவர்களுடைய ஓடுதளம் ஒருவழிப் பாதை, ஒவ்வோர் அடியும் பழகியது, எதிரே யாரும் வரமாட்டார்கள். மலைச்சாலையில் கொண்டை ஊசி வளைவில் ஏறிவரும் பேருந்து திரும்புவதற்குச் சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். டிரைவருக்கு வேறு வழியில்லை. அகலம் போதாத மலைச்சாலையில் இறங்கும் வண்டிதான் ஒதுங்கி நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று சாலை விதியும் சொல்கிறது. வளைவுக்குள் நுழைந்தபின் அந்தப் பேருந்தைப் பார்த்தால் ஒதுங்க இடம் இருக்காது. எனவே ஹாரன் அடித்து, கீழே தெரிகிற சாலையை முன்கூட்டியே பார்த்து, பேருந்து ஏறுகிறதென்றால் வளைவுக்கு மேலேயே இடது ஓரத்தில் நின்றுவிட வேண்டும். இடப்பக்க வளைவில் உள்விளிம்புதான் மிகச் செங்குத்து; அதற்கு அஞ்சி வலப்பக்கம் அகன்று போகத் தோன்றும், அது எதிரே வருபவரின் பாதை. சாலையில் நம் பாதிக்குள்ளேயே சற்று வெளிப்பக்கமாக நுழைந்து, தாமதமாகத் திருப்பி, வெளியேறும் இடத்தில் கண்ணை வைத்துக்கொண்டால் வளைவின் மறுபக்கம் சீக்கிரம் தெரியும். பள்ளத்தையோ தடுப்புச் சுவரையோ வெறித்துப் பார்த்தால் வண்டியும் அங்கேதான் போகும்.

இப்படி இறங்கினால் பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார் என்பதும் உண்மைதான். அடுத்த நேர்ச்சாலையில் ஓரம் ஒதுங்கி, கை காட்டி அவரை முன்னே போகவிடலாம்.