கெலிசாவுடன் எந்த மீன் வாழும்?

பெரிய வேட்டை மீனுக்கு எந்த மீன் துணையாகும் என்பதை முதலில் தீர்மானிப்பது அதன் வாய். வாய்க்குள் நுழையக்கூடிய எதுவும் அதற்கு இரைதான்; மாதக்கணக்கில் ஒன்றாக வளர்ந்த பழக்கம் அந்த இயல்பை மாற்றாது. கடையில் விரல் நீளத்தில் இருக்கும் குஞ்சைப் பார்த்துக் கணக்குப் போடுவதால்தான் பெரும்பாலான இழப்புகள் நேர்கின்றன. அமேசான் படுகையைச் சேர்ந்த செவ்வால் கெளிறு முழு வளர்ச்சியில் ஒரு மீட்டரைத் தாண்டும். தன்னைவிடச் சற்றே சிறிய மீனையும் விழுங்கப் பார்க்கும். மலேசிய ஆறுகளில் வாழும் தோமான், விரால் குடும்பத்தின் மிகப் பெரிய இனங்களுள் ஒன்று. செம்மஞ்சள் கோடுகளுடன் அழகாக இருக்கும் அதன் குஞ்சு, வளர்ந்தபின் பசியில்லாத நேரத்திலும் அருகில் வருவதைக் கடிக்கும். இவ்விரண்டுக்கும் துணை தேடாமல் தனித் தொட்டி கொடுப்பதே நல்லது.

கெலிசா எனப்படும் ஆசிய அரோவானாவின் நிலை வேறு. பேராக்கின் புக்கிட் மேரா ஏரியில் பெயர் பெற்ற இந்த மீன், சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் உள்ளது. ஆகவே, பதிவு பெற்ற பண்ணையில் பிறந்து, உடலில் மின்னணுச் சில்லு பொருத்தப்பட்டு, சான்றிதழுடன் வரும் மீனையே வாங்க வேண்டும். மேல்நோக்கித் திறக்கும் வாயும் தட்டையான முதுகும் அது நீரின் மேல்மட்டத்தில் இரை தேடும் மீன் என்பதைக் காட்டுகின்றன. எனவே நடுமட்டத்திலும் அடித்தளத்திலும் வாழும் மீன்களே அதற்கு ஏற்ற துணை. நடுமட்டத்துக்கு லம்பாம், சில்வர் டாலர், டட்னாய்ட் போன்றவை பொருந்தும். சில்வர் டாலருக்கு நீளம் குறைவு என்றாலும் உடல் உயரமானது, விழுங்குவது எளிதல்ல. லம்பாமும் சில்வர் டாலரும் கூட்டமாக வாழ்பவை. ஒன்றிரண்டாக விட்டால் மிரண்டு ஓடும், அந்த ஓட்டமே கெலிசாவைச் சீண்டும்.

அடித்தளத்தில் கவனம் கூடுதலாக வேண்டும். துடுப்பு முள் உள்ள சிறு கெளிற்று வகையைக் கெலிசா கவ்வினால் முள் தொண்டையில் மாட்டி இரண்டுமே சாகக்கூடும். கண்ணாடிப் பாசியைத் தின்னும் என்று வாங்கப்படும் பண்டாராயா மீன், இரவில் பெரிய மீனின் உடலில் ஒட்டி அதன் வழுவழுப்பான மேற்படலத்தை உறிஞ்சுவதுண்டு. நன்னீர்த் திருக்கை அடித்தளத்தோடு நின்றுவிடுவதால் கெலிசாவுடன் நன்றாக ஒத்துப்போகும். ஆனால் அதற்கு அகலமான தரை வேண்டும், அம்மோனியா சிறிதும் ஆகாது. மற்றொரு கெலிசாவைச் சேர்ப்பதுதான் மிகக் கடினம். இரண்டு இருந்தால் வலியது எளியதை ஓயாமல் துரத்தும். ஆறுக்கு மேற்பட்டவை மிகப் பெரிய தொட்டியில் இருந்தால் அந்த மூர்க்கம் பலவற்றின்மீது பரவி, ஒன்றின்மீதே விழாமல் தணியும்.

இவை எந்த ஊருக்கும் பொதுவானவை. மலையூரான ரிங்லெட்டில் இன்னொன்று சேர்கிறது: குளிர். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் உள்ள இவ்வூரில், தாப்பாவிலோ ஈப்போவிலோ ஹீட்டர் இல்லாமலே வளரும் மீன் தாக்குப்பிடிக்காது. கெலிசாவுக்கும் திருக்கைக்கும் 26 முதல் 29 பாகை வெப்பம் தேவை. நீர் 20 பாகையை நெருங்கினால் செரிமானம் மந்தமாகும், வெண்புள்ளி நோய் எளிதில் பற்றும். ஆகவே துணை மீனும் அதே வெதுவெதுப்பை விரும்புவதாக இருக்க வேண்டும். குளிருக்குப் பழகிய தங்கமீன் ரிங்லெட்டுக்குப் பொருத்தமானதே, ஆனால் கெலிசாவின் தொட்டிக்கு அல்ல.

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரமுள்ள தொட்டி சுமார் 680 லிட்டர் கொள்ளும். அவ்வளவு நீரை ஒரு பாகை சூடேற்ற 600 வாட் ஹீட்டருக்கு, வெளியே போகும் வெப்பத்தைக் கணக்கில் எடுக்காமலே, 80 நிமிடம் ஆகும். 28 பாகையில் உள்ள தொட்டியில் கால்பங்கு நீரை மாற்றி, 18 பாகைக் குழாய்நீரை ஊற்றினால் ஒரே நேரத்தில் இரண்டரைப் பாகை குறைந்துவிடும். எனவே மாற்றும் நீரைத் தனிப் பீப்பாயில் சூடாக்கிய பிறகே ஊற்ற வேண்டும். 600 வாட்டில் ஒன்றைவிட 300 வாட்டில் இரண்டு வைப்பது பாதுகாப்பு. ஒன்று பழுதானாலும் மற்றது தாங்கும். பெரிய மீன் வாலால் அடித்துக் கண்ணாடி ஹீட்டரை உடைத்துவிடும். திருக்கையோ அதன்மேல் படுத்துப் புண்ணாக்கிக்கொள்ளும். ஆகவே ஹீட்டரை வடிகட்டிப் பகுதியில் மறைத்து வைக்க வேண்டும். தொட்டியின் பின்புறமும் அடியும் போலிஸ்திரின் பலகையால் மூடப்பட்டால் மின்தடை இரவில் வெப்பம் மெதுவாகவே இறங்கும்.

அடுத்து நீரின் தன்மை. கருங்கல் மலைகளில் ஓடும் நீர் பொதுவாக மென்னீர். கெலிசாவுக்கு அது பிடிக்கும் என்றாலும், புரதம் தின்னும் மீன்கள் பல சேர்ந்தால் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரை மேலும் அமிலமாக்கும். மென்னீரில் அதைத் தாங்கும் ஆற்றல் குறைவு. அமிலத்தன்மை கூடினால் நுண்ணுயிர்களே வேலையை நிறுத்திவிடும். அப்போது திடீரெனச் சுண்ணாம்புச் சத்து சேர்ப்பது ஆபத்து. தீங்கு குறைந்த அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறிவிடும். தொடக்கத்திலிருந்தே வடிகட்டியில் சிறிது நொறுக்கிய பவளம் வைப்பது நல்லது.

உணவிலும் துணை பற்றிய கேள்வி தொடரும். வேகமான லம்பாம் எல்லாவற்றையும் தின்றுவிட்டால் அடித்தள மீன் பட்டினி கிடக்கும். விளக்கை அணைத்த பின் மூழ்கும் இரையைப் போட வேண்டும். உயிருள்ள தங்கமீனை இரையாகக் கொடுப்பது நோயையும் கொண்டுவரும். பி1 சத்தை அழிக்கும் நொதியும் அதில் உள்ளது. உறைய வைத்த இறால், மீன்துண்டு, பெரிய உருண்டைத் தீவனம் ஆகியவையே போதும்.

புதிய மீனை நேராக விடாமல் சில வாரம் தனித் தொட்டியில் கண்காணித்து, பிறகு துளையிட்ட தடுப்புக்கு அப்பால் வைத்துப் பழக்குவது நல்லது. சேர்க்கும் நாளில் கட்டை, கல்லை இடம் மாற்றினால் பழைய மீனுக்குத் தன் எல்லை தெரியாது, சண்டை குறையும். துடுப்பு கிழிதல், மூலையில் ஒதுங்கி நிற்றல், இரையை மறுத்தல் தெரிந்தால் உடனே பிரிக்க வேண்டும்.

பிரித்த மீனை ரிங்லெட் ஏரியில் விடக்கூடாது. 1963இல் சுல்தான் அபு பக்கார் அணையால் உருவான அந்த ஏரியின் நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியே பேராக் பக்கத்து மின்நிலையத்துக்கு இறங்குகிறது. குளிரால் மெல்லச் சாகும் மீன்கள் ஒருபுறம். பிழைக்கும் இனம் உள்ளூர் மீன்களைத் தின்று தீர்க்கும். தென்னமெரிக்காவிலிருந்து வந்த மயில் பாஸ் மலேசியாவின் பழைய ஈயக் குட்டைகளில் அப்படித்தான் பரவியது. வளர்ந்துவிட்ட மீனைக் கடைக்காரரிடமோ பெரிய தொட்டி உள்ளவரிடமோ ஒப்படைக்கலாம். கெலிசா என்றால் சில்லு எண்ணுக்குரிய சான்றிதழையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.