பாண்டியன் நெடுஞ்செழியன் (சிலப்பதிகாரம்)

பாண்டியன் நெடுஞ்செழியன் இளங்கோவடிகள் இயற்றிய சிலப்பதிகாரத்தில் மதுரையை ஆண்ட மன்னன் ஆவான். 'ஆரியப்படை கடந்தவன்' என்பது இவனது அடைமொழி. கோவலனை விசாரணையின்றிக் கொல்ல ஆணையிட்ட இவன், பின்னர் அவையிலேயே தன் பிழையை ஏற்று உயிர்நீத்தான். ஐயமே தீர்ப்பாக மாறுவதையும், அதில் நல்லெண்ணம் கொண்ட அதிகாரியின் மனமாற்றத்தையும் காட்டும் பழந்தமிழ்ச் சான்றாக இக்கதை விளங்குகிறது.

ஆணை

கோவலன் கண்ணகியின் காற்சிலம்பை விற்கக் காட்டிய பொற்கொல்லனே அரசியின் சிலம்பைத் திருடியவன். அவன் பழியைக் கோவலன் மீது சுமத்த அரண்மனைக்கு விரைந்தான். ஊடல் கொண்ட அரசியைக் காணச் சென்றுகொண்டிருந்த மன்னன், சிலம்பு அவனிடம் இருந்தால் கொன்று அதைக் கொண்டுவருமாறு காவலருக்குக் கட்டளையிட்டான். கையில் இருப்பதே குற்றத்திற்குச் சான்றாயிற்று. சிலம்பு யாருடையது என்று எவரும் ஆராயவில்லை.

கொலைக்களம்

கோவலனின் தோற்றம் கள்வனுடையது அன்று எனக் காவலர் தயங்கினர். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி ஆகிய எட்டும் கள்வரின் துணைகள் என்று பொற்கொல்லன் விளக்கினான். இதனால் கள்வனைப் போல் தோன்றாமையே கள்வனின் திறமைக்கு அடையாளமாகிவிட்டது. ஐரோப்பிய, அமெரிக்க சூனியக்காரி வேட்டைகளிலும் இத்தகைய வாதமே காணப்படுகிறது. இறுதியில் கல்லாக் காவலன் ஒருவன் கோவலனை வாளால் வெட்டினான்.

வழக்குரை

நீதி கேட்டு வந்த கண்ணகியிடம், கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அன்று என்றே மன்னன் முதலில் வாதிட்டான். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அவள் கூற, அரசியின் சிலம்பில் உள்ளது முத்து என்று மன்னன் தயங்காமல் தெரிவித்து, கோவலனிடம் கைப்பற்றிய சிலம்பை வரவழைத்தான். கண்ணகி அதை உடைத்தபோது மாணிக்கம் தெறித்தது. பொற்கொல்லன் சொல் கேட்ட தானே கள்வன் எனக் கூறி மன்னன் வீழ்ந்து இறந்தான், அரசியும் உயிர்நீத்தாள்.

வார்த்திகன் வழக்கு

கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் வேறொரு வழக்கைக் கூறுகிறது. புதையல் கவர்ந்ததாகப் பொய்ப்பழி சுமத்தப்பட்டு வார்த்திகன் சிறையிடப்பட்டான். பிழையை உணர்ந்த பாண்டியன் அவனை விடுவித்து, திருத்தங்கால், வயலூர் ஆகிய ஊர்களை அளித்தான். வார்த்திகன் உயிருடன் இருந்ததால் தவறைத் திருத்த முடிந்தது. கோவலனுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஒப்பீடு

அமெரிக்காவின் சேலம் நகரில் 1692இல் நடந்த சூனிய வழக்குகளை முதலில் ஆதரித்த பாதிரியார் ஜான் ஹேல், தன் மனைவி மீதும் அதே குற்றச்சாட்டு எழுந்த பின்னர் நிலைப்பாட்டை மாற்றினார். அவ்வழக்குகளின் தவறுகளை ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 1702இல், அவர் இறந்த பின், வெளிவந்தது. அதற்குள் 19 பேர் தூக்கிலிடப்பட்டிருந்தனர். ஹேலின் மாற்றம் சொந்த இழப்பின் அச்சத்திலும், பாண்டியனின் மாற்றம் எதிர்த்தரப்பின் சான்றை நேரில் கண்டதிலும் தொடங்கியது.

பின்விளைவு

மன்னனின் மனமாற்றம் அரசின் மாற்றமாக அமையவில்லை. அடுத்து அரசேறிய வெற்றிவேற்செழியன், கண்ணகிக்குச் சாந்தி செய்ய ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டதாக நூல் கூறுகிறது. ஒருவன் செய்த குற்றத்திற்காக அவன் தொழிலைச் சேர்ந்த ஆயிரம் பேர் விசாரணையின்றித் தண்டிக்கப்பட்டனர்.