உறவினரின் நாய் பிள்ளையைக் கடித்தால்

வங்காலையை வெளியுலகம் பெரும்பாலும் அதன் பறவைகளினாலேயே அறிந்துள்ளது. 2008 ஆம் ஆண்டில் சரணாலயமாகவும், 2010 இல் ராம்சார் ஈரநிலமாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட அந்தச் சதுப்பு நிலத்திற்கு அப்பால், புனித ஆனாள் ஆலயத்தைச் சூழவுள்ள மீனவக் கிராமமும் ஒரு வங்காலைதான். அங்கு மாத்திரமன்றி எருக்கலம்பிட்டி, தாராபுரம் போன்ற முஸ்லிம் கிராமங்களிலும் உறவினர் அருகருகே குடியிருப்பதே வழக்கம். தாய் வீட்டிற்கு அருகில் மகளின் வீடு, அதற்கடுத்து மாமனின் வீடு என்று ஒரே வளவுக்குள் வாழும் குடும்பங்களுக்கு வேலி இருந்தாலும் அது பிள்ளைகளுக்கான வேலியல்ல. இந்த நெருக்கமே எமது சமூகத்தின் பலம். ஆனால் அந்த வளவுக்குள் உள்ள ஒரு நாய் பிள்ளைகளைக் கடிக்கத் தொடங்கிவிட்டால், அதே நெருக்கம் பெரும் சங்கடமாக மாறிவிடுகின்றது.

கட்டாக்காலி நாய் கடித்தால் என்ன செய்வதென்பதில் எவருக்கும் தயக்கமில்லை. பிரதேச சபையைக் குறை கூறலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடலாம். அண்ணனின் நாய் கடித்தாலோ, மாமியாரின் நாய் கடித்தாலோ நிலைமை அவ்வாறிருப்பதில்லை. முறைப்பாடு செய்வது உறவை முறிப்பதாகக் கருதப்படுகின்றது. செய்யாதிருப்பதோ பெற்ற பிள்ளைக்குச் செய்யும் துரோகமாகத் தாயின் மனதை அரிக்கின்றது. குடும்பங்களைப் பல வருடங்கள் பேச்சுவார்த்தையின்றிப் பிரித்து வைக்கும் பிணக்குகள் இவ்வாறான சிறிய விடயங்களிலிருந்தே ஆரம்பமாகின்றன.

இப்பிணக்கின் போக்கு எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். முதற்கடியின்போது பேசப்படுவது நாயைப் பற்றியல்ல, பிள்ளையைப் பற்றியேயாகும். வாலைப் பிடித்து இழுத்திருப்பான், சாப்பிடும்போது கிட்டப் போயிருப்பான், கல்லெறிந்திருப்பான் என்று நாயின் உரிமையாளர் வாதாடுவார். அதில் சில வேளைகளில் உண்மையும் இருக்கலாம். இரண்டாவது கடியின்போது வளர்ப்பைப் பற்றிய பேச்சு எழும். மூன்றாவது கடி நிகழ்வதற்குள் காணி எல்லை, கலியாணச் சீதனம், வெளிநாட்டிலிருந்து வந்த பணம் என்று பழைய கணக்குகள் அனைத்தும் முற்றத்திற்கு வந்துவிடும். நாய் மட்டும் அவிழ்த்துவிட்டபடியே திரியும்.

சண்டை பெரிதாகுமென்று அஞ்சிக் கடியை மறைப்பதே இதிலுள்ள மிகப் பெரிய ஆபத்தாகும். ஏச்சு விழுமென்று பிள்ளை மறைக்கின்றது. தம்பியின் மனம் நோகுமென்று தாய் மறைக்கின்றாள். வைத்தியசாலைக்குச் சென்றால் யாருடைய நாய் என்று கேட்பார்களே என்பதற்காகச் சிறு கீறல்தானே என்று மஞ்சளையோ சுண்ணாம்பையோ பூசி விடுகின்றனர். வீட்டு நாய்க்கு விசர் பிடிக்காது என்ற நம்பிக்கையும் இதற்குத் துணை போகின்றது. வீட்டு நாயும் தெருநாயிடம் கடிபடக்கூடியதே.

விசர்நாய்க்கடி நோயைப் பற்றி அறிந்திருக்க வேண்டியவை அதிகமில்லை. ஆனால் அவை ஒவ்வொன்றும் உயிர் சம்பந்தப்பட்டவை. நோயுள்ள நாயின் உமிழ்நீர் வழியாக உடலினுட் செல்லும் வைரஸ், நரம்பு வழியாக மூளையை நோக்கி மெதுவாகப் பயணம் செய்கின்றது. பொதுவாக இரண்டு, மூன்று மாதங்களிலும், சில வேளைகளில் ஒரு வாரத்திலும், அரிதாக ஒரு வருடத்திற்குப் பின்னரும் நோயின் அறிகுறிகள் தோன்றலாம். அறிகுறி தோன்றிய பின்னர் உயிர் பிழைப்பது மிக மிக அபூர்வம். அதற்கு முன்னர் முறையாகச் சிகிச்சை பெற்றவர்களோ அநேகமாக அனைவரும் பிழைத்துக் கொள்கின்றனர். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள நாட்களையே குடும்பங்கள் கௌரவத்திற்காக வீணாக்குகின்றன.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயினால் இறக்கின்றனர். அவர்களில் பத்தில் நால்வர் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர்கள். பிள்ளையின் முகம் நாயின் வாய்க்கு எட்டும் உயரத்தில் இருப்பதும், முகத்திலும் கழுத்திலும் ஏற்படும் கடி மூளைக்கு அண்மையில் இருப்பதும் சிறுவருக்கான ஆபத்தை அதிகரிக்கின்றன. இலங்கையில் 1973 ஆம் ஆண்டில் 377 பேர் இந்நோய்க்குப் பலியாகினர். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் திட்டங்களின் பயனாக அண்மைய ஆண்டுகளில் அத்தொகை ஐம்பதுக்கும் கீழே இறங்கியுள்ளது. எஞ்சிய மரணங்களிலும் பல, கடிபட்டவர் உரிய நேரத்தில் வைத்தியசாலைக்குச் செல்லாமையினால் ஏற்படுபவையாகும்.

இந்நோய்க்கான தடுப்பூசியின் வரலாறே அயலவரின் நாய் கடித்த ஒரு சிறுவனிலிருந்துதான் தொடங்குகின்றது. 1885 ஜூலை 4 ஆம் திகதி அல்சேஸ் பிரதேசத்தில் ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவன் ஒரு மளிகைக் கடைக்காரரின் நாயினால் பல இடங்களில் கடிக்கப்பட்டான். ஜூலை 6 ஆம் திகதி பரிஸ் நகரில் லூயி பாஸ்டரிடம் அவன் கொண்டு செல்லப்பட்டான். சிறுவனுடனும் அவனது தாயுடனும் அங்கு சென்ற மூன்றாமவர் அந்த நாயின் உரிமையாளரே. தனது நாய் தன்னையும் பற்களால் பதம் பார்த்ததனால் அவரும் சென்றிருந்தார் என்பது உண்மைதான். ஆயினும், கடித்த நாயின் சொந்தக்காரரும் கடிபட்ட பிள்ளையின் தாயும் ஒரே வாசலில் வைத்தியரைக் காணச் சென்றனர் என்பது எமது வளவுகளுக்கும் பொருத்தமான செய்தியாகவே படுகின்றது. சிறுவன் உயிர் பிழைத்தான்.

கடிபட்டவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடங்கள் கழுவுவதாகும். பின்னர் தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். தடுப்பூசி தேவையா, அதனுடன் சீரமும் ஏற்ற வேண்டுமா என்பதைக் கடியின் தன்மையையும் நாயின் நிலையையும் பார்த்து வைத்தியரே தீர்மானிப்பார். அரசாங்க வைத்தியசாலைகளில் இச்சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. தொப்புளைச் சுற்றி ஊசி போடப்பட்ட காலம் எப்போதோ மலையேறிவிட்டது. இப்போது சில தவணைகளில் கையில் போடப்படும் ஊசியே உள்ளது. பார்வை பார்ப்பதும், கடிவாயில் கல் வைப்பதும் மூளையை நோக்கிச் செல்லும் வைரஸைத் தடுக்கப் போவதில்லை.

ஆத்திரத்தில் பலர் செய்யும் ஒரு காரியத்தைப் பற்றியும் இங்கு கூற வேண்டும். பிள்ளையைக் கடித்த நாயை உடனேயே அடித்துக் கொன்று புதைத்துவிடுகின்றனர். இது பிள்ளைக்கே தீங்காகலாம். கடித்த நாய்க்கு அவ்வேளையில் விசர் இருந்திருந்தால் அது சில நாட்களுக்குள் இறந்துவிடும் என்பதனால், நாயைக் கட்டி வைத்துக் கண்காணிப்பது வைத்தியருக்குப் பெரும் உதவியாகும். இதற்கு உலக சுகாதார ஸ்தாபனம் பத்து நாட்களைக் கூறுகின்றது. இலங்கையில் பதினான்கு நாட்கள் கண்காணிக்குமாறு கூறப்படுகின்றது. நாய் இறந்துவிட்டால் அதன் தலை கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் பரிசோதிக்கப்படக்கூடியது. புதைத்துவிட்ட நாய் எதனையும் சொல்வதில்லை. அதேவேளை, கண்காணிப்பு முடியட்டும் என்று பிள்ளையை வீட்டில் வைத்திருப்பதும் கூடாது. காத்திருக்கலாமா என்பதும் வைத்தியரின் முடிவே.

இப்பிணக்கில் மதத்தை இழுப்போரும் உள்ளனர். அயலில் முஸ்லிம் குடும்பம் வசிக்குமாயின், அவர்களுக்கு நாய் என்றாலே ஆகாது, அதனால்தான் முறையிடுகின்றனர் என்று கூறிப் பிள்ளையின் காயத்தை மறைத்துவிடுவது மிக இலகு. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹப் நாயின் உமிழ்நீரைக் கடுமையான அசுத்தமாகக் கருதுகின்றது என்பது உண்மையே. ஆனால் தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்டதாகக் கூறும் நபிமொழியும், வேட்டைக்கும் கால்நடைக்கும் பயிருக்கும் நாய் வைத்திருக்க வழங்கப்பட்ட அனுமதியும் அதே மார்க்கத்திலேயே உள்ளன. கடிக்கும் நாயை மாத்திரம் அது வேறாகப் பிரித்துத் தீங்கிழைக்கும் பிராணிகளோடு சேர்த்துக் கூறுகின்றது. கத்தோலிக்கர் அறிந்த விவிலியத்தில் தோபியாவின் பயணத்தில் உடன் சென்ற நாயும் உண்டு. யாத்திராகமத்தில், முட்டும் பழக்கமுள்ள மாட்டைப் பற்றி முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டும் கட்டி வைக்காத உரிமையாளனைக் கடுமையாகப் பொறுப்பாளியாக்கும் சட்டமும் உண்டு. வைரவரின் வாகனமாக நாயை வணங்கும் சைவரும் கடிக்கும் நாயைத் தெருவில் விடுமாறு கேட்டதில்லை. முதற்கடி தெரியாமல் நிகழ்ந்ததாக இருக்கலாம். அதன்பின்னர் உரிமையாளர் அறிந்தவராகின்றார்.

நாட்டின் சட்டமும் இதற்குப் புறம்பானதல்ல. விசர்நாய்க்கடி தொடர்பான கட்டளைச் சட்டம் 1893 ஆம் ஆண்டிலிருந்தும், நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901 ஆம் ஆண்டிலிருந்தும் உள்ளன. இரண்டாவதை நினைவில் வைத்திருக்கும் நாய் உரிமையாளர்கள் எத்தனை பேர் என்று கேட்பது வீண் வேலை. தன்னிடமுள்ள மிருகத்தினால் பிறருக்கு ஆபத்து நேராதவாறு பார்த்துக் கொள்ளத் தவறுவது தண்டனைச் சட்டக்கோவையின்கீழ் குற்றமாகும். 2006 ஆம் ஆண்டில் தெருநாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கையை அரசாங்கம் கைக்கொண்டதிலிருந்து, தடுப்பூசியும் கருத்தடையுமே வழிகளாக உள்ளன. ஆகவே, பிரதேச சபை வந்து நாயைக் கொண்டு போய்விடும் என்று எதிர்பார்த்திருப்பதிலும் பயனில்லை.

இப்பொறுப்பு தட்டிக்கழிக்கப்படும்போது என்ன நிகழும் என்பதைச் சென்னை 2024 மே மாதத்தில் கண்டது. ஆயிரம்விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பூங்காவில் காவலாளியின் ஐந்து வயது மகளை, அருகில் வசித்தவரின் இரண்டு ரொட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. தடுக்க முயன்ற தாயும் காயமடைந்தார். உரிமையாளர் கைது செய்யப்பட்டார். அதனைத் தொடர்ந்து எந்த இனத்து நாய் ஆபத்தானது என்ற விவாதமே பெரிதாக நடந்தது. ஆனால் எமது வளவுகளில் கடிப்பது ரொட்வைலர் அல்ல. கருவாட்டு மணத்தில் வளர்ந்த சாதாரண ஊர் நாயே. குட்டி போட்ட நாய், நாள் முழுவதும் குறுகிய சங்கிலியில் கட்டப்பட்ட நாய், அடிபட்டு வளர்ந்த நாய், உணவுக்கு முன்னால் நிற்கும் நாய் ஆகியவையே பிள்ளைகளை அதிகம் கடிக்கின்றன. நாள் முழுதும் கட்டி வைத்து, பாடசாலை விடும் நேரத்தில் அவிழ்த்துவிடுவது எல்லாவற்றிலும் மோசமானது.

நாயின் உரிமையாளரின் பக்கமும் ஒன்று உண்டு. பிள்ளைகள் வெளிநாடு சென்றபின் தனித்திருக்கும் ஒரு மூதாட்டிக்கு அந்த நாய் வெறும் காவல் மட்டுமல்ல. கொன்றுவிடு என்ற சொல்லோடு பேச்சைத் தொடங்கினால் அவர் கதவை மூடிக்கொள்வார், அதில் வியப்பில்லை. கட்டுவதற்கு ஓர் இடம், கம்பி வலையடித்த ஒரு கூடு, படலைக்கு ஒரு கொளுக்கி, தடுப்பூசி அட்டை, கருத்தடை ஆகியவற்றைக் கேட்டால் பேச்சுத் தொடரலாம். கூட்டின் செலவைக் கடிபட்ட பிள்ளையின் வீட்டாரும் பகிர்ந்து கொள்வதில் தவறில்லை. அது நியாயமா என்று கேட்டால் நியாயமில்லைதான். ஆனால் கூடு விரைவாக எழும்பும். இவை அனைத்தும் செய்யப்பட்ட பின்னரும் நாய் கடிக்குமாயின், சிறுவர் இல்லாத வேறிடத்திற்கு அதனை அனுப்புவதோ, மிருக வைத்தியரின் ஆலோசனையைப் பெறுவதோ உரிமையாளரின் கடமையாகும்.

உறவினர் தமக்குள் பேசி முடிக்க இயலாதபோது பங்குத்தந்தையோ பள்ளிவாசல் நிர்வாகத்தினரோ கிராம சேவையாளரோ நடுவில் அமரலாம். அதற்கும் அப்பால், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபை உள்ளது. அங்கு சட்டத்தரணிகள் தோன்றுவதில்லை. எவரும் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்படுவதுமில்லை. இரு தரப்பும் இணங்கியவை எழுத்தில் பதியப்பட்டுக் கையொப்பம் பெறப்படும். நாய் எங்கே, எந்நேரத்தில், யாரால் கட்டப்படும் என்பதுவரை அதில் எழுதிக் கொள்ளலாம்.