கை நடுக்கத்துக்கு மருந்து உண்டு!
பூனைக்காலி விதையில் இருந்த அதிசயம்

கோடியக்கரை என்றதும் கடலும், உப்பளமும், வெளிநாட்டுப் பறவைகளும் நினைவுக்கு வரும். அங்குள்ள காடு மூலிகைக்குப் பெயர் பெற்றது. "எந்த நோய்க்கும் ஒரு பச்சிலை உண்டு" என்று நம்புகிறவர்கள் பலர்.

கை நடுக்கத்துக்கும் உண்டா?

வீட்டில் ஒரு தாத்தா இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சும்மா இருக்கும்போதே அவர் கை நடுங்குகிறது. சட்டைப் பொத்தான் போட நெடுநேரம் ஆகிறது. கால் எட்டி நடக்க வரவில்லை. "வயதாகிவிட்டது" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள்.

அது தவறு. அது பார்க்கின்சன் நோயாக இருக்கலாம். 1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் டாக்டர் இந்த நோயைப் பற்றி எழுதினார். அவர் பெயரே நோய்க்கு வந்தது.

ஏன் வருகிறது?

ஆற்றில் தண்ணீர் குறைந்தால் கடைமடை வயல் காய்கிறது அல்லவா? மூளையிலும் அப்படித்தான். அங்கே "டோபமைன்" என்ற பொருள் சுரக்கிறது. அதைச் சுரக்கும் அணுக்கள் அழிந்தால் கை, கால் சொன்னபடி கேட்காது.

டோபமைனையே மருந்தாகக் கொடுத்தால் அது மூளைக்குள் போகாது. "லெவோடோபா" போகும். உள்ளே போய் டோபமைனாக மாறும்.

சென்னையில் கண்டது

பூனைக்காலி என்று ஒரு கொடி. அதன் காயைத் தொட்டால் உடம்பெல்லாம் அரிக்கும்! 1937-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இரு விஞ்ஞானிகள் அதன் விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்து எடுத்தார்கள். அது இந்த நோய்க்கு மருந்தாகும் என்று அன்று யாருக்கும் தெரியாது.

1961-ல் வியன்னா டாக்டர்கள் நோயாளிகளுக்கு லெவோடோபாவை ஊசியில் செலுத்தினார்கள். எழ முடியாதவர்கள் எழுந்தார்கள்! 1967-ல் அமெரிக்காவில் டாக்டர் கோட்சியாஸ், வாய்வழியாகக் கொடுத்துப் பலன் கண்டார். இன்று "கார்பிடோபா" என்ற துணை மருந்தும் சேர்த்தே மாத்திரை செய்கிறார்கள். மருந்து வழியிலேயே வீணாகாமல் அது காக்கிறது. குமட்டலும் குறைகிறது.

விதையை அரைத்துக் கொடுக்கலாமா?

கூடாது! ஒரு விதையில் இருக்கும் அளவு இன்னொன்றில் இராது. மாத்திரையோடு விதைப்பொடியும் சேர்ந்தால் மருந்து மிஞ்சிவிடும். தலை சுற்றும், வாந்தி வரும், உடம்பு தானாக நெளியும்.

நினைவில் வையுங்கள்:

* இந்த மருந்து நோயை அடியோடு போக்காது. நடமாட்டத்தை எளிதாக்கும்.

* மாத்திரையை மணி தவறாமல் கொடுக்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் ஆபத்து.

* பருப்பு, முட்டை, மீன் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டால் சிலருக்கு மருந்து சரியாக ஏறாது. எப்போது சாப்பிடுவது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

* சில ஆண்டுகளில் மருந்தின் வேகம் சீக்கிரம் தணியலாம். அளவை மாற்ற வேண்டியவர் டாக்டர், நாம் அல்ல.

வீட்டில் யாருக்காவது கை நடுங்கினால், நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரை நேரத்தைத் தாத்தாவுக்கு நினைவூட்டும் வேலையைப் பேரப்பிள்ளைகளிடம் விடுங்கள். அவர்கள் மறக்கமாட்டார்கள்!