பாரிஸுக்குப் போன திருவந்திபுரம் அம்மணி

1830-ல் பாரிஸ் ஓபராவில் மரீ தக்லியோனி ஒரு இந்தியக் கோயில் நாட்டியக்காரியாக ஆடினார். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் 'பயதேர்'. நம்ம தேவதாசிதான், ஆனால் முழுக்க கற்பனை. கால்விரல் நுனியில் நின்று ஆடும் 'லா சில்ஃபீட்' வந்து அவர் புகழின் உச்சிக்குப் போனது அதற்கப்புறம், 1832-ல்.

1838-ல் நிஜ தேவதாசிகளே பாரிஸில் வந்து இறங்கிட்டாங்க! கடலூர் பக்கத்துத் திருவந்திபுரத்தைச் சேர்ந்த குழு: ஆட ஐந்து பேர், வாசிக்க மூன்று பேர். அவர்களில் அம்மணியைப் பார்த்து சொக்கிப்போன கவிஞர் தியோஃபில் கோத்தியே பத்திரிகையில் எழுதித் தள்ளினார். சிற்பி பார் அவளை வெண்கலத்தில் வடித்தார்.

இதே கோத்தியேதான் 1841-ல் 'ஜிஸேல்' பாலேவின் கதையை எழுதியவர்களில் ஒருவர். 1858-ல் 'சகுந்தலா'வுக்கும் கதை அவருடையது.

சரி, அம்மணியின் ஆட்டம் பாலேவுக்குள் போச்சா? 1877-ல் ரஷ்யாவில் பெத்திபா அமைத்த 'லா பயதேர்' இன்றும் ஆடப்படுகிறது, யூடியூபில் பாருங்க. கதாநாயகி கோயில் நாட்டியக்காரி. அரைமண்டி கிடையாது, ஜதி கிடையாது. கனவுக் காட்சியில் வரிசையாக இறங்கி வருவது அதே வெள்ளைப் பாவாடைதான்.