தபால்காரர் வராத தபால் பெட்டி

என் லாத்தாவின் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய கணிப்பொறி இருக்கிறது. சவூதியில் பணியாற்றிய மச்சான், 2011-ஆம் ஆண்டு விடுமுறையில் வந்தபோது பிள்ளைகளின் படிப்புக்காக வாங்கிக் கொடுத்தது. கணிப்பொறியின் உறுப்புகள் அனைத்தையும் இயக்கும் அடிப்படை ஏற்பாட்டை இயங்குதளம் என்பார்கள். இதன் இயங்குதளம் 'விண்டோஸ் 7'.

மூத்த மருமகன் மேற்படிப்புக்காகச் சென்னை செல்லுமுன், 'கிளவுட்' எனப்படும் மேகச் சேமிப்பு ஒன்றை அதில் அமைத்து வைத்தான். "உம்மா, இந்த ஃபோல்டருக்குள் எதைப் போட்டாலும் அதன் பிரதி ஒன்று இண்டர்நெட் வழியாகத் தானாகவே கம்பெனிக்குப் போய்விடும். இந்தப் பெட்டியே கெட்டாலும் படங்கள் போகாது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஊரோடு வந்து தங்கிய மச்சான் அந்தச் சொல்லை அப்படியே நம்பினார். கைப்பேசி நிறைந்துவிடும்போதெல்லாம் படங்களை ஒயர் மூலம் அந்த ஃபோல்டருக்குள் போடுவார். பிறகு கைப்பேசியிலிருந்து அழித்துவிடுவார். இளைய மகளின் நிக்காஹ் படங்களும் அவ்வாறே சென்றன. சில மாதங்களில் மச்சான் வஃபாத்தானார். அதன் பின் ஒரு நாள் கணிப்பொறியும் திறக்க மறுத்தது. லாத்தா பதறவில்லை. "மேகத்தில் இருக்கிறதே தம்பி, உன் போனில் எடுத்துக் காட்டு" என்றார்.

எடுத்தேன். பழைய படங்கள் இருந்தன. நிக்காஹ் இல்லை. மச்சான் ஊர் திரும்பிய பின் எடுத்தவை பெரும்பாலும் இல்லை. ஒரு குறிப்பிட்ட நாளோடு எல்லாம் நின்று போயிருந்தன.

நடந்தது இதுதான். பழைய இயங்குதளங்களுக்கான சேவையை நிறுத்துவதாக அந்தச் சேமிப்பு நிறுவனம் முன்கூட்டியே அறிவித்திருந்தது. திரையின் மூலையில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. மச்சான் அதைப் பெருக்கல் குறியைத் தட்டி மூடிவிடுவார். மதரஸாவின் தேர்வுத் தாள்களைத் தட்டச்சு செய்ய அங்கே அமர்ந்த நானும் ஒருமுறை அதை மூடியிருக்கிறேன். பட்டப்படிப்பு படித்தவன், ஆங்கிலம் தெரியும், ஆயினும் படிக்கவில்லை. ஆகவே குறை எங்களுடையது.

ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிப் பழுதுபார்க்கும் கடைக்கு அனுப்பினோம். அதன் முடிவைப் பிறகு கூறுகிறேன். முதலில், இப்படி எப்படி நேர்கிறது என்பதை வாசக அன்பர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

மேகம் என்றதும் வானத்தை நோக்க வேண்டியதில்லை. அது எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கும் வேறொருவரின் கணிப்பொறிதான். நம் வீட்டிலுள்ள ஃபோல்டர் ஒரு தபால் பெட்டி. அதில் போட்டதை எடுத்துச் செல்லும் தபால்காரராக ஒரு சிறு செயலி பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் செயலி நின்றுவிட்டாலும் ஃபோல்டர் மறைவதில்லை. அதே பெயரோடு, அதே இடத்தில், போடுவதையெல்லாம் வாங்கிக்கொண்டு இருக்கும். தபால்காரர் வருவது நின்றது பெட்டிக்குத் தெரியாதல்லவா? இரண்டு இடத்தில் இருப்பதாக நாம் எண்ணும் பொருள், உண்மையில் ஒரே இடத்தில் இருக்கிறது. அந்த நம்பிக்கையில் கைப்பேசியிலுள்ள மூலத்தையும் அழித்துவிடுகிறோம்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. 'விண்டோஸ் எக்ஸ்பி'க்கு மைக்ரோசாஃப்ட் அளித்த ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்தது. 2016-இல் டிராப்பாக்ஸும், 2017 ஜனவரி முதல் கூகுள் டிரைவ் செயலியும் எக்ஸ்பியைக் கைவிட்டன. 'விண்டோஸ் 7'-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. ஒன்டிரைவ் செயலி 2022 மார்ச் 1 முதல் 'விண்டோஸ் 7', '8', '8.1' ஆகியவற்றில் கோப்புகளை மேலே அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. 'விண்டோஸ் 10'-இன் பொதுவான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. 'விண்டோஸ் 11'-க்கு மாற இயலாத கணிப்பொறிகள் நம் வீடுகளில் நிறையவே உள்ளன. அன்று 'விண்டோஸ் 7' நின்ற வாசலில் இன்று அவை நிற்கின்றன.

ஏன் கைவிடுகிறார்கள்? புதிய கணிப்பொறியை விற்பதற்காக என்று சொல்வோர் உண்டு. அதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பாதுகாப்பு என்ற காரணமும் மெய்யானதே. இண்டர்நெட்டில் நம் கடிதங்கள் முத்திரையிட்ட உறைக்குள் பயணிக்கின்றன. அந்த முத்திரையிடும் முறைக்கு டி.எல்.எஸ். என்று பெயர். அதன் 1.0, 1.1 ஆகிய பழைய முறைகள் உடைக்கத்தக்கவை என்று கண்டு, 2021 மார்ச்சில் முறைப்படி ஓய்வு கொடுத்துவிட்டார்கள். எக்ஸ்பியுடன் வந்த இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கோ 1.0-க்கு மேல் தெரியாது. இப்பக்கம் பேசும் மொழி அப்பக்கம் புரிவதில்லை.

முத்திரை மட்டும் போதாது. அது யாருடையது என்று சான்றளிப்பவர்களின் பட்டியலும் கணிப்பொறிக்குள் இருக்க வேண்டும். அச்சான்றுகளுக்குக் காலக்கெடு உண்டு. மிகப் பல இணையத்தளங்கள் சார்ந்திருந்த மூலச் சான்று ஒன்று 2021 செப்டம்பர் 30-இல் காலாவதியானபோது, பட்டியல் புதுப்பிக்கப்படாத பழைய சாதனங்களில் நல்ல தளங்களும் 'ஆபத்து' என்ற எச்சரிக்கையோடு நின்றன.

இங்கே ஒரு சிறு செய்தி. பழைய கணிப்பொறிக்குள் நாணயம் போன்ற ஒரு பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்துவிட்டால், அணைத்து ஏற்றும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். இன்றைய சான்றுகளைப் பார்த்து "இது இன்னும் செல்லுபடியாகும் காலமே வரவில்லையே" என்று கணிப்பொறி மறுத்துவிடும். எந்தத் தளமும் திறக்கவில்லை என்று அதைத் தூக்கி எறியுமுன், திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். கோளாறு அந்த மலிவான பேட்டரியில் இருக்கக்கூடும்.

இனி, செய்ய வேண்டியவை. இன்றே ஒரு சோதனை செய்து பாருங்கள். அந்த ஃபோல்டருக்குள் இன்றைய தேதியைப் பெயராகக் கொண்ட சிறு கோப்பு ஒன்றைப் போடுங்கள். கால்மணி நேரம் கழித்துக் கைப்பேசியில் அதே கணக்கைத் திறந்து அக்கோப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லையெனில் தபால்காரர் வரவில்லை. மேகச் சேமிப்பு சரியாக நடக்கிறதா என்பதைப் பெட்டியைப் பார்த்து அறிய முடியாது. மறுமுனையைப் பார்த்தே அறிய முடியும்.

செயலி நின்றுவிட்டாலும், உலாவியில் அந்நிறுவனத்தின் தளத்தைத் திறந்து கோப்புகளை நாமே ஏற்றலாம். ஆனால் பழைய இயங்குதளத்தில் உலாவியும் பழையதாகவே இருக்கும். 'விண்டோஸ் 7'-இல் குரோம் 109-ஆம் பதிப்போடும், ஃபயர்பாக்ஸ் 115-ஆம் பதிப்போடும் நின்றுவிட்டன. பாதுகாப்புத் திருத்தங்கள் பெறாத கணிப்பொறியில் குடும்பம் முழுவதற்குமான கடவுச்சொல்லைத் தட்டுவதை நான் விரும்பமாட்டேன். அதைவிடக் கோப்புகளைப் பென் டிரைவிலோ ஒயர் மூலமோ கைப்பேசிக்கு மாற்றி, அங்கிருந்து ஏற்றுவது மேல். அப்போது பழைய கணிப்பொறிக்கு இண்டர்நெட்டே தேவைப்படாது. பழைய பென் டிரைவ்கள் பலவற்றில் ஒரே கோப்பு 4 ஜி.பி.க்கு மேல் ஏறாது. நிக்காஹ் வீடியோவை ஏற்றுவோர் இதை நினைவில் வைக்கவும்.

இன்னொன்று. மேகச் சேமிப்பு சரியாக நடந்தாலும் அது ஒரு கண்ணாடி போன்றதே. வீட்டில் அழித்தால் அங்கும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், பிறகு அதுவுமில்லை. 2017 மே மாதத்தில் 'வான்னாகிரை' என்னும் நச்சுநிரல் உலகெங்கும் கணிப்பொறிகளைப் பூட்டிப் பணம் கேட்டதே, அத்தகைய நிரல் பூட்டிய கோப்புகளும் அப்படியே மேலே செல்லும். ஆகவே தனியான ஒரு ஹார்டு டிஸ்க்கில் இன்னொரு பிரதி எடுத்து, கழற்றிப் பீரோவில் வைப்பது அவசியம்.

கணிப்பொறி நன்றாக ஓடுகிறது, இயங்குதளம் மட்டுமே பழையது என்றால், லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளலாம். 2 ஜி.பி. நினைவகம் இருந்தாலும் ஓடும். 4 இருந்தால் நன்று. டிராப்பாக்ஸ் லினக்ஸுக்குச் செயலி தருகிறது. கூகுளும் ஒன்டிரைவும் தருவதில்லை. நிறுவுமுன் உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுத்துவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

லாத்தாவின் வீட்டில் மற்றொரு சிக்கலும் எழுந்தது. கணக்கு மச்சானின் பெயரில் இருந்தது. கடவுச்சொல் அவர் கையேட்டில் இருந்தபடியால் தப்பித்தோம். அது இல்லையென்றால், சரிபார்க்கும் எண் அவருடைய சிம்முக்கு வரும். ரீசார்ஜ் செய்யாத சிம் நாளடைவில் நம் கையைவிட்டுப் போய்விடும். 2 ஆண்டுகள் எவரும் திறக்காத தனிநபர் கணக்குகளை நீக்கும் ஏற்பாட்டைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தி வருகிறது. குடும்பத் தலைவரின் கணக்கில் படங்களை வைத்திருப்போர், அவர் இருக்கும்போதே மனைவிக்கோ மகனுக்கோ திறக்கும் வழியைக் காட்டிவைக்கச் சொல்லுங்கள். இதைக் கேட்பது அபசகுனம் என்று எண்ண வேண்டாம்.

கடைக்குப் போன ஹார்டு டிஸ்க் பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தது. அதை ஓர் உறையில் பொருத்தி, வேறு கணிப்பொறியோடு இணைத்துப் படித்திருக்கிறார்கள். பெரும்பாலான படங்கள் கிடைத்தன. சில திறக்கவேயில்லை. சில பாதி வரை தெரிந்து, கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக நின்றன. நிக்காஹ் விருந்தில் மச்சான் சஹனைச் சுற்றிச் சம்பந்திமாரோடு அமர்ந்திருக்கும் படம் அவற்றில் ஒன்று. முகங்கள் இருக்கின்றன; சஹன் இல்லை.

லாத்தா அதையே பெரிதாக அச்செடுத்துத் தரச் சொன்னார். கூடத்தில் மாட்டியிருக்கிறார். கணிப்பொறியில் இப்போது லினக்ஸ் மின்ட் ஓடுகிறது. பேத்தி அதில் வரைந்து விளையாடுகிறாள். மாதம் ஒருமுறை மருமகன் தொலைபேசியில் அழைத்து, "மாமா, மறுமுனையில் பார்த்துவிட்டீர்களா?" என்று கேட்கிறான்.